புதுச்சேரிக்கு விடுதலை நாள் நவம்பர் 1-ஆ, ஆகஸ்ட் 16-ஆ? ரெண்டு நாள் ஏன்?

தேன்மொழி, முதலியார்பேட்டை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சேலம், கல்யாணம் ஆகி புதுச்சேரிக்கு வந்தவள். பையன் எட்டாவது படிக்கிறான். ஆகஸ்ட் 16-ஐ ஒட்டி பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டி, "நம் புதுச்சேரி விடுதலை" தான் தலைப்பு. நானே எழுதித் தரலாம்னு உக்காந்தா எனக்கே குழப்பமா இருக்கு.

நவம்பர் 1-ஐ விடுதலை நாள்னு அரசு கொண்டாடுது. ஆகஸ்ட் 16-க்கு கீழூர்ல கொடி ஏத்துறாங்க. ஆகஸ்ட் 15-ம் இருக்கு. இதுல எதை விடுதலைன்னு சொல்றது?

இன்னொண்ணு. போன மாசம் ஒரு வேலையா எங்க மாமியாரோட பிறப்புப் பதிவு நகல் வாங்கினோம். அவங்க 1957-ல பிறந்தவங்க. பதிவு முழுக்க பிரெஞ்சு. வருஷத்தைக்கூட எண்ணுல போடாம எழுத்துல எழுதியிருக்காங்க. மாமனார் படிச்சுச் சொன்னார்: அவங்க அப்பா பேர், வயசு, தொழில், எந்த கொம்யூன் (பிரெஞ்சு காலத்து நகராட்சிப் பகுதி), சாட்சி யாரு எல்லாம் இருக்கு. 1954-லயே வெள்ளைக்காரன் போயிட்டான்னா 1957-ல ஏன் பிரெஞ்சுல எழுதினாங்க? சேலத்துல எங்க அம்மா 1950-ல இருந்தே அரசியல் சட்டத்துக்குக் கீழ இருந்தாங்க. எங்க மாமியாருக்கு அந்தச் சட்டம் எப்ப வந்துச்சு? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

---

ரஃபி_காரைக்கால்:

சகோதரி, 1954 நவம்பர் 1-ல நிர்வாகம் கை மாறுச்சு. 1962 ஆகஸ்ட் 16-ல சட்டப்படி மாறுச்சு. அவ்வளவுதான். பையனுக்கு இது போதும்.

---

குமாஸ்தா_முத்தியால்பேட்டை:

ரஃபி தம்பி சொன்னது சரிதான். ஆனால் "அவ்வளவுதான்" என்று முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த இரண்டு தேதிக்கும் நடுவே ஏழே முக்கால் வருஷம் இருக்கிறது. அந்த ஏழே முக்கால் வருஷத்தை யாரும் பேச்சுப் போட்டியில் பேசுவதில்லை. நான் இந்த ஊரில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன். பழைய பிரெஞ்சுப் பத்திரங்களையும் பிறப்பு இறப்புப் பதிவுகளையும் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

முதலில் உங்கள் பையன் ஆரம்பிக்க வேண்டிய இடம் 1936 ஜூலை 30. புதுச்சேரியில் சவானா மில் என்ற பஞ்சாலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு அரசு சுட்டது. 12 பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும். மறு வருஷமே, 1937-ல், எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. அந்தப் போராட்டத்தை நடத்தியவர் வ. சுப்பையா. 1934-லேயே "சுதந்திரம்" என்று பத்திரிகை நடத்தியவர். நம் ஊர் விடுதலையைக் கோட்டும் டையும் போட்டவர்கள் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கு முன்னால் மில் வாசலில் ரத்தம் சிந்தியிருக்கிறது. என் அப்பாவும் மில் தொழிலாளி. வீட்டில் ஜூலை 30 அன்று வேறு பேச்சு இருக்காது.

1947-ல் வெள்ளைக்காரன் இந்தியாவை விட்டுப் போனான். போனது இங்கிலீஷ்காரன். பிரெஞ்சுக்காரன் இங்கேயே இருந்தான். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்தில் சந்தன்நகர் என்று ஐந்து இடம். புதுச்சேரியே ஒரே துண்டாக இல்லை, திட்டுத் திட்டாக. ஒரு கிராமம் பிரெஞ்சு, அடுத்த கிராமம் மெட்ராஸ் மாகாணம். 1949-ல் சுங்க உடன்பாடு முறிந்த பிறகு நடுநடுவே சுங்கச் சாவடி முளைத்தது. அக்கா வீட்டுக்குப் போனாலும் மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டும். 1950 ஜனவரி 26 அன்று கடலூரில் இருந்தவர் குடியரசின் குடிமகன் ஆனார். பாகூரில் இருந்தவருக்கு அன்று ஒன்றும் மாறவில்லை.

ஆட்டம் மாறியது 1954-ல். அது வரைக்கும் பிரெஞ்சுப் பக்கம் நின்ற எதுவார் குபேர் (பெரிய மார்க்கெட்டுக்கு இருக்கிறதே, அந்தப் பெயர்) இந்தியப் பக்கம் வந்தார். மார்ச் மாதம் மந்திரிகளும் மேயர்களும் சேர்ந்து, உடனே இந்தியாவோடு இணைய வேண்டும், வாக்கெடுப்பு வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். மாசக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு. ஜூனில் ஏனாம் போனது, ஜூலையில் மாஹே. அதே சமயம் மே மாதம் வியட்நாமில் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. ஜூனில் பாரிசில் மந்தேஸ் பிரான்ஸ் பிரதமர் ஆனார். வியட்நாமையே கைவிடுகிறவர்கள் இந்த நாலு துண்டுக்காக எத்தனை நாள் மல்லுக்கட்டுவார்கள்?

அக்டோபர் 18-ல் கீழூர். சபை உறுப்பினர்களும் நகராட்சி கவுன்சிலர்களுமாக 178 பேர். இணைய வேண்டும் என்று 170, வேண்டாம் என்று 8. மூன்றாம் நாள், 21-ந் தேதி, நிர்வாகத்தைக் கை மாற்ற டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1-ல் கேவல் சிங் தலைமை ஆணையராகப் பொறுப்பு ஏற்றார். மூவர்ணக் கொடி ஏறியது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. கொடி இந்தியக் கொடி. ஆனால் மண் சட்டப்படி பிரான்சு. இணைப்பு ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தானது. அதை பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்க வேண்டும். 1962 வரைக்கும் ஏற்கவில்லை. ஏன் என்றால் அல்ஜீரியா. இங்கே கொடி ஏறிய அதே 1954 நவம்பர் 1-ந் தேதிதான் அங்கே விடுதலைப் போர் தொடங்கியது. ஒரு காலனியைக் காகிதத்தில் கொடுத்தால் அல்ஜீரியாவுக்கும் வழி காட்டியதாக ஆகிவிடும் என்று பாரிசில் ஒரு கூட்டமே தடுத்து நின்றது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை ஆனது. அதே மாதம் நம் ஒப்பந்தத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 16-ல் பத்திரங்களைப் பரிமாறிக்கொண்டார்கள்.

அதுவரை இங்கே பழைய பிரெஞ்சுச் சட்டங்கள்தான் பெரும்பாலும் ஓடின. பிறப்புப் பதிவும் அப்படியே. உங்கள் மாமியார் பதிவு பிரெஞ்சில் இருப்பதற்குக் காரணம் அதுதான் அம்மா. அவர் பிறந்த அன்று தலைமேல் பறந்தது இந்தியக் கொடி. பிறந்தது, சட்டத்தின் கண்ணில், பிரெஞ்சு மண்ணில்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, அரசியல் சட்டம் எப்போது வந்தது என்பது. எனக்கு நெஞ்சில் தைத்த விஷயம் இதுதான். 1961-ல் ஒரு பஸ் பெர்மிட் தகராறு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. நம் தலைமை ஆணையர் எதிர்மனுதாரர். அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டது என்று, நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போக வழி தரும் அரசியல் சட்டத்தின் 32-ஆவது பிரிவில் மனு. நீதிபதிகள் மத்திய அரசையே கேட்டார்கள்: புதுச்சேரி இந்திய ஆட்சி எல்லைக்குள் வருகிறதா? அரசு சொன்ன பதில்: இந்தியாவின் எல்லை எது என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 1-ஆவது பிரிவுப்படி வரவில்லை. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. மனு நிற்கவில்லை.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆணையரை அனுப்பியது டெல்லி. ஆண்டது டெல்லி. வெளிநாட்டில் இந்திய அரசு அதிகாரம் செலுத்துவதற்காக 1947-ல் போட்ட சட்டத்தை வைத்து ஆண்டார்கள். ஆனால் அந்த ஆட்சியின் மேல் குறை இருந்தால் டெல்லியில் இருக்கும் உச்ச நீதிமன்றத்தின் கதவு நமக்குத் திறக்காது. வரி கட்டினோம், தேர்தலில் ஓட்டுப் போட்டோம், ஊர்வலத்தில் ஜெய்ஹிந்த் சொன்னோம். கடலூரில் ஒரு பஸ் முதலாளிக்கு இருந்த உரிமை இங்கே இருந்தவருக்கு இல்லை. நான் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வக்கீல் ஐயா இந்தத் தீர்ப்பைப் படிக்கச் சொன்னார். படித்த அன்றிலிருந்து எனக்கு ஆகஸ்ட் 16 தான் பெரிய நாள். கொடி ஏறிய நாளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கோர்ட்டில் போய் "என் உரிமை" என்று நிற்க முடிந்த நாள் 1962-ல்தான் வந்தது. அந்த வருஷக் கடைசியில் 14-ஆவது திருத்தம் போட்டு, ஆகஸ்ட் 16-லிருந்தே புதுச்சேரியை யூனியன் பிரதேசமாக அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். 1963 ஜூலை 1-ல் சட்டமன்றம் வந்தது. முதல் முதலமைச்சர் அதே குபேர்.

---

சட்டம்_மூன்றாம்_ஆண்டு:

குமாஸ்தா ஐயா, அருமையா சொன்னீங்க. அந்த பஸ் பெர்மிட் தீர்ப்பு எங்க வகுப்புலயும் வரும், ஆனா "ஆட்சி எல்லை"ன்னா என்னங்கிறதுக்கு உதாரணமா ஒரே வரியில தாண்டிடுவாங்க. உள்ள இருந்த மனுஷங்களை யோசிச்சதே இல்ல.

ஒரு விஷயத்துல மட்டும் நான் உங்களை விடமாட்டேன். கீழூரை நீங்க ரெண்டு வரியில கடந்துட்டீங்க. அங்க ஓட்டுப் போட்டது 178 பேர். பாட புத்தகத்துல "மக்கள் வாக்கெடுப்பு"ன்னு போடறாங்க. சந்தன்நகர்ல 1949 ஜூன் 19-ல மக்களே நேரா ஓட்டுப் போட்டாங்க. இந்தியாவோட சேர 7,463 பேர், பிரெஞ்சு யூனியன்ல (பிரான்சும் அதோட காலனிகளும் சேர்ந்த அமைப்பு) இருக்க 114 பேர். அவங்களுக்குக் கிடைச்சது நமக்கு ஏன் கிடைக்கல? எங்க ஆயா வில்லியனூர்தான். கீழூர் பக்கத்துலயே இருந்தும் அவங்க கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

---

குமாஸ்தா_முத்தியால்பேட்டை:

தம்பி, கேட்க வேண்டிய கேள்வி. 1948 ஜூனில் இரண்டு அரசும் பேசி முடித்தது, மக்களே முடிவு செய்யட்டும் என்றுதான். பிரான்சின் 1946 அரசியல் சட்டம் 27-ஆவது பிரிவு, அங்குள்ள மக்கள் சம்மதம் இல்லாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்கிறது. சந்தன்நகரில் அதன்படி ஓட்டு நடந்தது.

இங்கே சூழ்நிலை வேறு. 1948 அக்டோபர் நகராட்சித் தேர்தலே எப்படி நடந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தடியும் கட்டையும்தான் பேசியது. இணைப்பு வேண்டும் என்று பேசியவன் வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாது. 1950-ல் சுப்பையாவின் வீட்டையே கொளுத்தினார்கள். அப்படிப்பட்ட ஊரில், பிரெஞ்சுப் போலீஸ் காவலில் வாக்குப்பெட்டி வைத்தால் அது யார் மனசைக் காட்டும்? இந்தியா மறுத்ததற்கு நியாயம் உண்டு. 1954-ல் அவசரம் இரண்டு பக்கமும் இருந்தது. 27-ஆவது பிரிவுக்கும் ஒரு பதில் வேண்டும், மறுபடி தெருச் சண்டையும் கூடாது. அதற்குக் கண்ட வழி கீழூர்.

ஆனால் உங்கள் ஆயாவிடம் கேட்கவில்லை என்பது உண்மை. அதை மறைக்கக் கூடாது. அந்த 178 பேரில் பலர் முந்தின வருஷம் வரைக்கும் பிரெஞ்சுக் கொடிக்கு வணக்கம் வைத்தவர்கள். சவானா மில் குடும்பங்களில் இருந்து கீழூருக்குப் போய் ஓட்டுப் போட்டவர் எத்தனை பேர் என்று என் அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். என்னைக் கேட்டால், பாட புத்தகத்தில் "மக்கள் வாக்கெடுப்பு" என்பதை எடுத்துவிட்டு "மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள்" என்று போட வேண்டும். தேன்மொழி அம்மா, பையன் அப்படியே பேசட்டும். அதனால் கீழூருக்கு மரியாதை குறையாது. ஒரு தடவை அவனை அங்கே கூட்டிப் போங்கள். வில்லியனூர் தாண்டி மங்கலம் பக்கம். வயல்களுக்கு நடுவே நினைவுத்தூண் இருக்கிறது. ஆகஸ்ட் 16-க்கு முந்தின வாரம் போனால் சுண்ணாம்பு அடித்து, தோரணம் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

---

ரஃபி_காரைக்கால்:

"அவ்வளவுதான்"னு எழுதினது நான்தான், அதனால என் வீட்டுக் கதையையும் சேத்துடறேன். 1962 எங்களுக்குக் காகிதம் இல்லீங்க, ஒரு குடும்பத்தையே ரெண்டா வெட்டின வருஷம்.

எங்க பாட்டனாரும் அவர் அண்ணனும் காரைக்கால்ல ஒரே வீட்டுல பிறந்தவங்க. அண்ணன் சைகோன்ல துணிக்கடையில கணக்குப்பிள்ளை. பாட்டனார் ஊர்ல. ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னா, இங்க பிறந்து இங்கயே குடியிருக்கிறவன் தானா இந்தியக் குடிமகன் ஆயிடுவான். பிரெஞ்சாவே இருக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். இங்க பிறந்து, இந்தியாவுக்கும் இந்த ஊர்களுக்கும் வெளியே குடியிருக்கிறவன் தானா பிரெஞ்சாவே இருப்பான். ஆக, ஒண்ணுமே செய்யாத அண்ணன் பிரெஞ்சுக்காரன், ஒண்ணுமே செய்யாத தம்பி இந்தியன்.

பாட்டனார் எழுதிக் கொடுக்கல. 1963 பிப்ரவரியோட கெடு முடிஞ்சுது. ஏன் எழுதலன்னு கேட்டா, "காந்தி வந்த ஊருய்யா இது, நான் போய் பிரெஞ்சுன்னு கையெழுத்துப் போடவா?"ம்பாராம். 1934-ல காந்தி வந்ததை அவர் சாகுற வரைக்கும் மறக்கல. அண்ணன் வாரிசுங்க இப்ப பாரிஸ் பக்கம். இங்க தெருவுல சொல்தா (பிரெஞ்சுப் படையில இருந்தவங்க) வீடுன்னு ரெண்டு மூணு இருக்கும், மாசாமாசம் பிரெஞ்சு பென்ஷன். அந்த வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பாத்து என் பெரியப்பா பொருமியிருக்கார். பாட்டனார் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லன்னு அத்தா சொல்லுவாங்க.

எழுதிக் கொடுத்தவங்களையும் நான் தப்பா பேசமாட்டேன். பிரெஞ்சுப் படையில இருந்தவன், பிள்ளைங்க அங்க படிக்கிறவன், அவன் குடும்பத்தைத்தான் பாப்பான். ஆறு மாசத்துல தீர்மானிக்கிற விஷயமா அது? எழுத்துத் தெரியாத எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு கெடு இருந்ததே முடிஞ்ச பிறகுதான் தெரியும்.

---

தேன்மொழி, முதலியார்பேட்டை:

ஐயா, ரஃபி அண்ணே, தம்பி, மூணு பேருக்கும் நன்றி. மாமியார்கிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். அவங்க அப்பாவும் சாவடியில மூட்டை பிரிச்ச கதை சொல்லுவாராம். ரேஷன் கார்டுல ஒரு எழுத்து, பிறப்புப் பதிவுல ஒரு எழுத்துன்னு பேர் ரெண்டு விதமா இருக்கு, அதுக்கு இப்ப என்ன பண்றதுன்னு கேக்கச் சொன்னாங்க.

பையன் இன்னொரு கேள்வி கேட்டான். "ஏம்மா, மத்த ஊரெல்லாம் பக்கத்து மாநிலத்தோட சேந்துட்டு, நாம மட்டும் ஏன் தனியா இருக்கோம்?" சந்தன்நகர் வங்காளத்தோட போயிடுச்சுல்ல?

---

குமாஸ்தா_முத்தியால்பேட்டை:

பையன் கெட்டிக்காரன். சந்தன்நகர் 1954 அக்டோபரில் மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. நமக்கு அப்படி ஆகாமல் காப்பாற்றியது 1956 ஒப்பந்தத்தின் 2-ஆவது பிரிவு. 1954 நவம்பர் 1-க்கு முன் இருந்த தனி நிர்வாக நிலை தொடரும், அதில் அரசியல் சட்டப்படி எந்த மாற்றம் செய்வதானாலும் மக்கள் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. கீழூரில் மக்களிடம் நேராகக் கேட்கவில்லை என்று சட்டம் படிக்கும் தம்பி வருத்தப்பட்டாரே, இனிமேல் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம்.

அது வெறும் காகிதமாகக் கிடக்கவும் இல்லை. 1979 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடும் மற்றதை அந்தந்தப் பக்கத்து மாநிலத்தோடும் இணைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. ஊரே தெருவுக்கு வந்தது. கட்சி பேதம் பார்க்காமல் வந்தார்கள், கலவரமாகவும் வெடித்தது. நான் அப்போது கோர்ட்டில் இருந்து வீட்டுக்கு வர முடியாமல் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் இரவைக் கழித்தேன். கீழே தெருவில் இருந்த பையன்களுக்கு 2-ஆவது பிரிவு என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்காது. ஆனால் எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரை ஒன்றும் செய்யாதே என்று அதே வார்த்தையைத்தான் அவர்களும் சொன்னார்கள். இணைப்புப் பேச்சை டெல்லி கைவிட்டது.

மாமியார் பெயர் விஷயம்: பிரெஞ்சுக்காரர்கள் நம் பெயரைத் தங்கள் உச்சரிப்புக்கு எழுதுவார்கள், நம் "உ"வுக்கு இரண்டு எழுத்துப் போடுவார்கள், கடைசியில் ஓர் எழுத்தை ஒட்டுவார்கள். இந்த ஊரில் பாதி வீட்டில் இந்தச் சிக்கல் உண்டு. பதிவில் இருப்பதை மாற்ற அவசரப்படாதீர்கள். நகலோடு, சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்பு வாங்குங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட்டு, மற்ற அட்டைகளின் நகலையும் சேர்த்து வையுங்கள். பல வேலைகளுக்கு அது போதும். எந்த ஆபீசாவது ஏற்க மறுத்தால் இங்கேயே எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்க்கலாம். பேச்சை எழுதி முடித்ததும் அதையும் போடுங்கள் அம்மா, தேதிகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.